முதலாளி கையால் ஒரு ரோஸ்ட்

மதுரை வண்டிக்கா சார் நிக்கிறீங்க? இப்பத்தான் ஒண்ணு போச்சு. கூட்டமா இருந்துச்சு, விட்டுட்டேன். அடுத்தது வரும், உக்காருங்க. இந்தப் பையை நகத்திக்கிடுறேன். உள்ள மைசூர்பாகு டப்பா இருக்கு. நசுங்கினாலும் பரவாயில்ல, குடுக்கப் போன வீட்ல வேண்டான்னுட்டாங்க.

யாரப் பாத்தாலும் எனக்கு சார்னுதான் வாயில வரும், தப்பா எடுத்துக்காதீங்க. ஓட்டல்ல இருந்து பழகிப் போச்சு. கரூர்ல ஒரு ஓட்டல்ல சூப்பர்வைசர் நான். பேரு சோலையப்பன். மீசை அரும்புன காலத்துல போய்ச் சேந்தேன், இப்ப பாருங்க, டை அடிச்சும் கருப்பு நிக்கமாட்டேங்குது. இந்த விளாத்திகுளத்துக்கு எதுக்கு வந்தேன்னா, எங்க ஓட்டல்ல இருந்து ஓடிப்போன தோசை மாஸ்டர் ஒருத்தனைத் திரும்பக் கூட்டிட்டுப் போக. அவன் வரலை. வெறுங்கையோட போய் மொதலாளி முன்னாடி நிக்கணும்.

சூப்பர்வைசர்னா சாம்பார்ல உப்பு பாக்குறவன்னு நெனப்பீங்க. அதெல்லாம் சரக்கு மாஸ்டர் பாத்துப்பார். என் வேலை, ஆள் ஓடாம பாத்துக்கிறது. ஓடினா புடிச்சிட்டு வர்றது. உசிலம்பட்டி, சங்கரன்கோயில், தேவகோட்டைன்னு நான் போகாத ஊர் கிடையாது. போனா ஓடினவன்கிட்ட பேசவே மாட்டேன். அவன் அம்மாகிட்ட பேசுவேன், பொண்டாட்டிகிட்ட பேசுவேன். மைசூர்பாகு டப்பாவை அவங்க கையில குடுத்துட்டு, "அவன் ஒருத்தன் இல்லாம ஓட்டலே களையா இல்லம்மா"ன்னு ஒரு வார்த்தை போடுவேன். அவ்வளவுதான், மறுநாள் காலையில ஆள் சட்டையெல்லாம் மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிப்பான். ஒரு தடவகூட நான் தோத்ததில்ல சார். இன்னைக்குத்தான்.

ஏன் ஓடுறாங்கன்னு கேக்குறீங்களா? இந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தாங்குற சக்தி இல்ல. வேற என்ன.

எங்க மொதலாளி நல்லசிவம் கை நீட்டுவார். அதை நான் மறைக்கப் போறதில்ல. வேலை நேரத்துல தப்பு நடந்தா அந்த இடத்துலயே ஒண்ணு விழும். கன்னத்துல, முதுகுல, சமயத்துல கையில என்ன இருக்கோ அதால. ஆனா மனசுல வெச்சுக்க மாட்டார். அடிச்ச அடுத்த நிமிசம் மறந்துருவார். மறந்துட்டு சும்மாவும் இருக்க மாட்டார், அதுதான் நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது. அடி வாங்கினவனுக்கு மறுநாள் மொதலாளி தன் கையால ஒரு நெய் ரோஸ்ட் போடுவார்.

சிரிக்காதீங்க சார், நெஜமாத்தான் சொல்றேன். சட்டையைக் கழத்தி வெச்சுட்டு, பனியனோட கல்லு முன்னாடி வந்து நிப்பார். தோசை மாஸ்டர் ஒதுங்கிக்கணும். வீட்ல இருந்து தனியா காச்சின நெய் வரும், ஓட்டல் நெய் இல்ல. மாவை ஊத்தி இழுத்தார்னா அந்தப் பக்கம் நிக்கிறவன் மூஞ்சி தெரியும், அவ்வளவு மெல்லிசு. ஏன்னா அவரே தோசை மாஸ்டரா இருந்து வந்தவர்தான். அவரை அடிச்ச மொதலாளி அவருக்கு ஒரு வாய் தண்ணிகூட குடுத்ததில்லயாம். "நான் அப்படி இருக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் சோலையப்பா"ன்னு ஒருநாள் என்கிட்ட சொன்னார். சொல்லும்போது கண்ணு கலங்கிருச்சு. எனக்கும் கலங்கிருச்சு.

அடி வாங்கினவனை ஏசி ரூம்ல கஸ்டமர் மாதிரி உக்கார வெப்பாங்க. எலை போட்டு, மொதலாளியே பரிமாறுவார். சட்னி அவர் கையால, சாம்பார் அவர் கையால. மத்தவங்க எல்லாம் வந்து நின்னு பாக்கணும். "சாப்பிடு"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவார். மன்னிச்சுக்கோன்னு சொல்ல மாட்டார். மன்னிச்சுக்கோன்னு யாரு வேணா சொல்லலாம் சார், வாய் வலிக்கவா போகுது? ரோஸ்ட் போட்டுக் குடுக்க மனசு வேணும்.

காலையில நெய் வாசம் வந்தாலே பாத்திரம் கழுவுறவங்க வரைக்கும் பேசிக்குவாங்க, "இன்னைக்கு யாரோட ரோஸ்ட்?"னு. ரோஸ்ட் திங்கணும்னே ஒரு கிளீனர் வேணும்னு கிளாஸை உடைச்சான்னு ஒரு கதை உண்டு. புதுசா வர்றவங்ககிட்ட அதை நான்தான் சொல்லுவேன், பயம் தெளியட்டும்னு. அவன் கை தவறித்தான் உடைச்சிருப்பான். அது கெடக்கட்டும்.

நான் எத்தனை ரோஸ்ட் சாப்பிட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. என் அளவுக்கு அவர் கையால சாப்பிட்டவன் அந்த ஓட்டல்ல எவனும் இல்ல. அதைப் பெருமையாத்தான் சொல்றேன்.

நல்ல பழக்கம் எங்க இருந்தாலும் கத்துக்கணும் சார். நான் என் வீட்லயும் அப்படித்தான். கோவத்துல என் சம்சாரம் மேல கை பட்டுருச்சுன்னா, மறுநாள் சும்மா வர மாட்டேன். ஓட்டல்ல இருந்து சூடா அல்வா கட்டி எடுத்துட்டுப் போவேன். அவளும் வாங்கிச் சாப்பிடுவா. இப்பக் கொஞ்ச நாளா மக வீட்ல இருக்கா, ஈரோட்ல. பேரனைப் பாத்துக்கணுமாம். பேரன் இப்ப பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சுட்டான், இன்னும் வரலை. சரி, அது வேற கதை.

பூல்பாண்டி கதைக்கு வர்றேன். பூல்பாண்டிதான் நான் தேடி வந்த ஆளு. இந்த ஊருக்குப் பக்கத்துலதான் வீடு. முப்பது வயசு இருக்கும். கல்லுல நின்னான்னா ரெண்டு கையும் தனித்தனியா வேலை செய்யும். அதிகம் பேச மாட்டான். என்னை மட்டும் அண்ணேன்னு கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசுவான்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஓட்டல் நெரம்பி வழியுது. மாவு புளிச்சுப் போச்சு. "இந்த மாவை ஊத்த மாட்டேன், சாப்பிடுறவங்க திட்டுவாங்க"ன்னான் பூல்பாண்டி. "ஊத்து, சீனி ரெண்டு கரண்டி போட்டுக்க"ன்னார் மொதலாளி. அவன் ஊத்தினான், எலை எலையா திரும்பி வந்துச்சு. ஒரு கஸ்டமர் கல்லாவுக்கே வந்து கத்திட்டுப் போயிட்டாரு. மொதலாளி உள்ள வந்தார். கல்லு ஓரத்துல கெடந்த தோசைத் திருப்பியை எடுத்து அவன் கையில வெச்சு அழுத்திட்டார். முழங்கைக்குக் கீழ, இந்த இடத்துல. திருப்பி சூடா இருக்கும்னு அவருக்குத் தோணலை சார். கல்லு மேலயே கெடந்தது, சூடாத்தான் இருக்கும், ஆனா கோவத்துல யாருக்குத் தோணும்? பூல்பாண்டி கத்தலை. அடுப்பைச் சின்னதா வெச்சுட்டு, கையைத் தண்ணித் தொட்டியில விட்டுட்டு நின்னான். தோல் தனியா வந்துருச்சு. நான்தான் மருந்து போட்டேன். "மனசுல வெச்சுக்காதடா, நாளைக்கு நெய் மணக்கும் பாரு"ன்னேன். அவன் என்னையே பாத்தான். ஏன் அப்படிப் பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

மறுநாள் மொதலாளி கல்லுல நின்னார். அன்னைக்கு மாதிரி ஒரு ரோஸ்ட் அவர் போட்டதே இல்ல. ஒரு ஓட்டை கெடையாது, ஒரு கருகல் கெடையாது. கூம்பா நிறுத்தி, ஏசி ரூமுக்கு அவரே எடுத்துட்டு வந்தார். பூல்பாண்டி கட்டுப் போட்ட கையோட உக்காந்திருக்கான். நாங்க எல்லாம் சுவத்தோரமா நிக்கிறோம். சட்னி ஊத்தினார், சாம்பார் ஊத்தினார். "சாப்பிடு"ன்னார்.

அவன் கொஞ்ச நேரம் ரோஸ்டையே பாத்தான். அப்புறம் எலையைப் பிடிச்சு மூடினான். முழு ரோஸ்டையும் உள்ள வெச்சு மூடினான். அதுகூடப் பரவாயில்ல சார். நல்ல காரியத்துல சாப்பிட்டா எலையை நம்ம பக்கமா மடிப்போம்ல? எழவு வீட்ல சாப்பிட்டாத்தானே எதிர்ப்பக்கமா தள்ளி மூடுவோம்? அவன் எதிர்ப்பக்கமா மூடினான். மொதலாளி நின்ன பக்கமா. மூடிட்டு, எந்திரிச்சு, கையைக் கழுவிட்டுப் போயிட்டான். தொடாத கையை எதுக்குக் கழுவணும்? கழுவிட்டுப் போனான்.

பார்சல் கட்டுற அம்மா ஒண்ணு முந்தானையால வாயைப் பொத்திக்கிச்சு. மொதலாளி அந்த எலையையே பாத்துட்டு நிக்கிறார். அவர் மூஞ்சியைப் பாக்க எனக்குப் பொறுக்கலை. யாரும் என்னைச் சொல்லலை சார். நானாத்தான் போய் அந்த நாக்காலியில உக்காந்தேன். மூடின எலையைத் திறந்தேன். ரோஸ்ட் நொறுங்கிப் போயிருந்துச்சு. முழுசையும் சாப்பிட்டு, எலையை என் பக்கமா மடிச்சேன். மொதலாளி என் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு வெளிய போனார். அன்னைக்கு அவர் மானத்தை நான்தான் காப்பாத்தினேன். அதுக்கப்புறம் என்கூட வேலை செய்றவங்க யாரும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடலை. பொறாமையா இருக்கும்.

அன்னையில இருந்துதான் ஓட்டலுக்கு நேரம் சரியில்லாமப் போச்சு. பார்சல் அம்மா மருமகளுக்குப் பிரசவம்னு போச்சு, வரலை. ரெண்டு சப்ளையருங்க ஊர்ல கோயில் கொடைன்னு போனாங்க, போனை எடுக்கலை. சரக்கு மாஸ்டருக்கு முட்டி வலின்னாரு. முட்டி வலிக்கிறவரு எதித்த கடையில நின்னு சமைக்கிறாரு, என் கண்ணாலயே பாத்தேன். அடி வாங்கினவன் போனாச் சரி. அடியே வாங்காதவனெல்லாம் எதுக்குப் போறான்? அதான் எனக்கு வெளங்கலை. வடக்க இருந்து ஆளுங்களைக் கூட்டியாந்தோம். ஒருத்தன் மேல மொதலாளி கையை ஓங்கினார், அடிக்கக்கூட இல்ல, ஓங்கினார். மறுநாள் எல்லாரும் மொத்தமா ரயில் ஏறிட்டாங்க.

இப்ப முகூர்த்த மாசம், கல்லுல நிக்க ஆளில்ல. நேத்து மொதலாளி என்னைக் கூப்பிட்டு, "பூல்பாண்டியைக் கூட்டிட்டு வா. அவன் வந்தா மத்தவனும் வருவான். நீ அவனில்லாம வந்தேன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்"னார். எனக்குத் தெரியும். அதான் விடியக் கெளம்பி வந்தேன்.

வீட்டு வாசல்லயே கீத்துக் கொட்டாய் போட்டு ஒரு சின்ன தோசைக் கடை வெச்சிருக்கான் சார். ஒரு கல்லு, ஒரு பெஞ்சு. எதித்தாப்புல கருவேலங்காடு. அங்க யாரு வந்து திங்கப் போறா? ஆனா நாலஞ்சு பேர் உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் கோவப்படுவான்னு நெனச்சேன். "வாங்கண்ணே"ன்னு உள்ள கூட்டிட்டுப் போனான். கையில அந்தத் தழும்பு அப்படியே திருப்பி அகலத்துக்கு இருக்கு.

பாயை விரிச்சு உக்கார வெச்சான். தண்ணி குடுக்கணும்னு, என் தலைக்கு மேல இருந்த பலகையில சொம்பை எடுக்கக் கையைத் தூக்கினான். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்டுச் சுவத்தோட ஒண்டிட்டேன். கண்ணைத் தொறந்து பாத்தா அவன் சொம்போட நிக்கிறான். அவன் சம்சாரம் சந்தனமாரி கதவுகிட்ட நிக்குது. பயண அலுப்பு சார், தூக்கக் கலக்கம். "ஏதோ பூச்சி பறந்துச்சு"ன்னேன்.

ஆனா அதுக்கப்புறம் அவன் என்ன பண்ணினான் தெரியுமா? எதை எடுக்கிறதுக்கு முன்னாடியும் சொன்னான். "அண்ணே, சொம்பை இங்க வெக்கிறேன்." "அண்ணே, ஃபேன் சுவிட்ச் போடப் போறேன், உங்க பின்னாடிதான் இருக்கு." "அண்ணே, துண்டு எடுத்துக்கிறேன்." கொழந்தைக்குச் சொல்ற மாதிரி மெதுவா. எனக்கு எரிச்சலா வந்துச்சு. அவனுக்கு சூப்பர்வைசரா இருந்தவன் சார் நான். ஆனா அந்த எரிச்சலோட அழுகையும் சேந்து வந்துச்சு சார், அதான் அசிங்கமாப் போச்சு. தண்ணியை மடமடன்னு குடிச்சு அடக்கிட்டேன்.

வழக்கம்போல சம்சாரத்துகிட்ட ஆரம்பிச்சேன். "அவன் இல்லாம ஓட்டலே களையா இல்லம்மா." டப்பாவை நீட்டினேன். அது வாங்கலை. இப்படிச் சொல்லுச்சு.

"அண்ணே, அங்க வேலை பாத்தப்ப இவுக லீவுக்கு வந்தா ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்னைய அடிப்பாக. அடிச்சிட்டு மறுநா அவுகளே தோசை சுட்டுக் குடுப்பாக. நானும் பாசம்னுதான் தின்னேன். கையில சூடு வாங்கிட்டு வந்தாகல்ல, அன்னைக்குத்தான் எலை மூடின கதையைச் சொன்னாக. அப்ப நான் கேட்டேன், 'எனக்குச் சுட்டுக் குடுத்த தோசையை நான் எந்தப் பக்கம் மூட?'ன்னு. அன்னையில இருந்து கை ஓங்கலை. டப்பாவை நீங்களே கொண்டு போங்க. உங்க வீட்டு அக்காவுக்குக் குடுங்க."

என் வீட்டு அக்கா. அக்கா ஈரோட்ல இருக்குன்னு சொல்லலை. "அவ நல்லா இருக்கா"ன்னு மட்டும் சொன்னேன்.

பூல்பாண்டி தெரு முக்கு வரைக்கும் வந்தான். "அண்ணே, நான் வர மாட்டேன். உங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும், நேராவே சொல்லிட்டேன்"னான். அப்புறம், "நீங்க இங்கயே இருந்துருங்களேன். மத்தியானச் சாப்பாடும் போடலாம்னு இருக்கோம். கணக்கு வழக்கெல்லாம் வேண்டாம், கூட ஒரு ஆள் நின்னாப் போதும்"னான். நான் சிரிச்சுட்டேன். இத்தனை காலம் அங்க இருந்துட்டு ஒரு கீத்துக் கொட்டாய்ல வந்து நிப்பேனா? மொதலாளிக்கு என்னை விட்டா யாரு இருக்கா? "போடா"ன்னு வந்துட்டேன்.

வந்து இங்க உக்காந்ததும் மொதலாளிக்குப் போன் போட்டேன். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். "ஆளைப் பாத்தேன் மொதலாளி, வர மாட்டேங்குறான்"னேன். கத்துவார்னு போனைத் தள்ளிப் பிடிச்சேன். கத்தலை சார். ரொம்பப் பிரியமா, "சரி சோலையப்பா, நீ வா. நெய் காச்சி வெச்சிருக்கேன். உனக்கு ரோஸ்ட் போட்டுத் தர்றேன்"னார்.

நல்ல மனுசன்தானே? எனக்கும் முதல்ல அப்படித்தான் பட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் இப்படி உக்காந்திருக்கையில ஒண்ணு தோணுச்சு. அவர் கையால எத்தனையோ ரோஸ்ட் சாப்பிட்டிருக்கேன். ஆனா அடிக்காம அவர் யாருக்கும் ரோஸ்ட் போட்டதே இல்ல சார். ஒருத்தருக்குக்கூட இல்ல. நெய்யை முதல்லயே காச்சி வெச்சுட்டார்.

நீங்க வர்றதுக்குள்ள திரும்ப அவருக்குப் போன் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு போடும்போது தெரியாது. எடுத்தார். "எனக்குப் பசி இல்ல மொதலாளி"ன்னேன். "என்னடா?"ன்னார். மறுபடி அதையேதான் சொன்னேன். சொல்லிட்டு, அவர் வெக்கிறதுக்கு முன்னாடி நான் வெச்சுட்டேன். இத்தனை காலத்துல அப்படிச் செஞ்சதில்ல.

அந்தா மதுரை வண்டி வருது. முன்னாடியே போய் நில்லுங்க, அருப்புக்கோட்டை ஆளுங்க ஏறிட்டா நிக்கத்தான் வேணும். இல்ல சார், நான் ஏறலை, உங்க துண்டை நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு எடம் போட வேண்டாம்.